பொங்கலுக்குப் பழுக்காத நெல்

போன தை மாசம் அக்கா மகளைக் கூட்டிக்கிட்டு எங்க ஊர் திற்பரப்புக்குப் போயிருந்தேன். சென்னையில் படிக்கிற ஏழு வயசுப் பிள்ளை. பொங்கல் என்றால் அறுவடைத் திருநாள் என்று பள்ளிக்கூடத்துக்கு சார்ட் செய்து கொடுத்தவள். அருவி, அதுக்கு மேலே வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் தடுப்பணை எல்லாம் பார்த்துவிட்டு ஒரு வயல் ஓரமாக நின்றோம். நெல் பச்சையாக நின்றது. "மாமா, அறுவடை எங்க?"

வரப்பில் இருந்த பெரியவர் சிரித்தார். "இது கும்பப்பூவாக்கும் மக்களே. மாசியிலதான் அறுப்பு."

அந்த 'கும்பப்பூ'வுக்குள் ஒரு வரலாறே இருக்கு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே புழங்கியது கி.பி. 825-ல் தொடங்கும் கொல்லம் ஆண்டு. அதில் மாதங்களுக்கு ராசிகளின் பெயர்: நம்ம புரட்டாசி கன்னி, மார்கழி தனு, தை மகரம், மாசி கும்பம். நாஞ்சில் நாட்டின் இரண்டு நெல் போகங்கள் கன்னிப்பூ, கும்பப்பூ. அறுக்கிற மாதமே பயிரின் பெயர். டெலிவரி தேதியையே ப்ராஜெக்ட்டுக்குப் பெயராக வைத்த மாதிரி! (எங்க டீமில் அப்படி வைத்தால் வாரம் ஒரு பெயர் மாறும்.)

இரண்டு போகத்துக்கும் காரணம் இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை அதைச் சேர்த்து வைக்கிறது. காவிரிக் கரையில் ஆடி, ஆவணியில் விதைக்கிற சம்பா தையில் விளைந்துவிடும். பிள்ளையின் சார்ட்டில் இருந்தது அந்த ஊர்ப் பொங்கல். எங்க பக்கம் புது நெற்கதிரைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் நிறைபுத்தரிசி ஆடியிலேயே வந்துவிடும், கன்னிப்பூவுக்கு முன்னோட்டமாக. கும்பப்பூ முற்றும் மாசியில் சிவராத்திரி. பன்னிரண்டு கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது எங்க திற்பரப்பு மகாதேவர்.

பெரியவர் எதிர்ப்பக்கம் கை காட்டினார். அதுவும் ஏலாதானாம், இப்போ ரப்பர். முன்பனிக் காலமில்லையா, இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு நெல்லைவிட அந்தச் சருகு மேலேதான் ஆசை. பை நிறையப் பொறுக்கினாள்.

ஊருக்கு வந்ததும் சார்ட்டில் ஜனவரிக்குப் பக்கத்தில் 'திற்பரப்பு: பச்சை' என்று எழுதி, ஒரு சருகையும் ஒட்டினாள். மாசியில் அறுப்பு பார்க்கப் போகணுமாம். லீவு கிடைக்காது என்கிறாள் அக்கா.