முந்திய குதிரையும் முந்திய வாக்கும்

தேர்தல் காலத்தில் ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட்’ என்ற ஆங்கிலத் தொடர் நம் காதில் விழுகிறது. இது குதிரைப் பந்தயத் திடலில் பிறந்த சொல். ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். அதை முதலில் கடக்கும் குதிரைக்கே வெற்றி. மூக்கு நுனியளவு முந்தினாலும் போதும். நம் கெடாவுக்கு அண்டையிலுள்ள பினாங்கில் 1864-ஆம் ஆண்டிலேயே பந்தயச் சங்கம் தோன்றிவிட்டது. பந்தயத்தைப் போலவே இந்தத் தேர்தல் முறையும் பிரிட்டிஷார் வழியாக வந்ததுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பந்தயத்தில் கம்பம் இருக்கிறது. தேர்தலில் அது இல்லை. வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நாம் மாணவர்களைக் கைதூக்கச் சொல்கிறோம். நாற்பது பேரில் ஒருவனுக்குப் பதினாறு, மற்ற இருவருக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பெற்றவன் தலைவன். இருபத்து நால்வர் அவனை விரும்பவில்லை என்பது கணக்கில் சேராது. 2013 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி சுமார் 47 விழுக்காடு வாக்குகளைப் பெற்று, 222 நாடாளுமன்ற இடங்களில் 133-ஐ வென்றது இவ்வாறுதான்.

மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955 ஜூலை 27-இல் நடந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் கெடாவில் சுங்கை மூடா தொகுதியில் நின்றார். 52 இடங்களில் 51 அவருடைய கூட்டணிக்கே கிடைத்தன. அன்று தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை இல்லை. ஆதலால் வாக்கும் இல்லை. ஓட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

பிறகு வாக்குரிமை வந்தது. ஆயினும் நாம் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் பெரும்பான்மையினர் அல்லர். அப்படியானால் நம் வாக்கு வீணா? இல்லை. 2000 நவம்பர் 29-இல் கூலிம் அருகே லூனாஸ் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. மூவினத்தாரும் கலந்து வாழும் தொகுதி அது. கெஅடிலான் வேட்பாளர் வென்ற பெரும்பான்மை 530 வாக்குகள் மட்டுமே. அந்த ஓர் இடத்தால் கெடா சட்டமன்றத்தில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. சில லயங்களில் குடியிருப்போரின் எண்ணிக்கைதான் 530.

தமிழில் வேட்பாளர் தேர்தலில் ‘நிற்கிறார்’ என்கிறோம். உண்மைதான்; நிற்பவர் அவர், ஓட வைப்பவர்கள் நாம். வாக்களிக்காமல் வீட்டில் இருந்துவிட்டு, முந்தியது யாரென்று பிறகு கேட்பதில் பயனில்லை.