நியாயக் கூலியும் சுங்கச் சுவரும்

உழைப்பவருக்குரிய கூலியை அளப்பது எது? சந்தையா, குடும்பத்தின் தேவையா? 1907இல் ஆஸ்திரேலியா இவ்வினாவுக்குத் தந்த விடையை நாம் நினைவுகூர்வது நன்று.

மெல்போர்ன் அருகே இயங்கிய அறுவடை இயந்திரத் தொழிற்சாலையின் வழக்கை நீதிபதி ஹிக்கின்ஸ் விசாரித்தார். தொழிலாளரின் மனைவியரே சாட்சி சொல்லி, வாடகை, உணவு முதலிய வீட்டுச் செலவுகளை எடுத்துரைத்தனர். தொழிற்பயிற்சியற்ற தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு 7 ஷில்லிங் எனத் தீர்ப்பாயிற்று. குடும்பம் சிக்கனமாயினும் வசதியோடு வாழவேண்டும் என்பதே அளவுகோல். 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' மடலில் கூறியதும் இதுவே. ஹிக்கின்ஸோ மெத்தடிஸ்டு போதகரின் மகன்! பெண்களின் உழைப்பை இம்முறை நெடுங்காலம் குறைத்தே மதித்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

இக்கூலிக்கு ஓர் அரண் இருந்தது. அந்நிய இயந்திரங்களுக்குச் சுங்கவரி. நியாயக் கூலி கொடுக்கும் உள்நாட்டு முதலாளிக்குக் கலால் வரிவிலக்கு. விலக்குச் சட்டம் 1908இல் செல்லாதென்றானது. அளவுகோலும் சுங்கச் சுவரும் நிலைத்தன.

1973இல் சுங்கவரி நான்கிலொரு பங்கு குறைந்தது. 1983இல் நாணய மதிப்பு சந்தையிடம் விடப்பட்டது. உலகப் போட்டி நெருக்கவே, நிறுவனந்தோறும் பேசிக் கூலி முடிக்கும் முறைக்கு 1991இல் கூலி ஆணையம் இசைந்தது. அதே ஆண்டில் அண்டை நாடான நியூசிலாந்து, 1894 முதல் வளர்ந்த தீர்ப்பூதிய முறையையே கைவிட்டது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மட்டும் எஞ்சியது. ஆஸ்திரேலியாவோ தீர்ப்பூதியத்தை அடித்தளமாகக் காத்தது. இன்றும் ஆண்டுதோறும் ஒரு பொது அமைப்பு அதனை ஆய்ந்து நிர்ணயிக்கிறது.

போட்டி ஒன்றே, முடிவுகள் இரண்டு. ஆகவே, 'உலகமயம் செய்த வேலை' எனக் கூறி நாம் கைகழுவிவிட முடியாது. கூலியை அளக்கும் கோல் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது.