ஒலியை வெட்டுதல் – ஒரு சிறு வரலாறு

கணினியில் ஒலிப்பதிவு பழக விரும்பும் நண்பர்கள் தாம்பரத்திலுள்ள என் வீட்டுக்கு அவ்வப்போது வருவதுண்டு. எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்பவை அவர்களுடைய முதல் கேள்விகள். நான் முதலில் சொல்வது, மின்விசிறியை நிறுத்துங்கள் என்பதுதான். அடுத்ததாக, ஐந்து விநாடி யாரும் பேசாமலிருந்து அந்த மௌனத்தையும் பதிவு செய்யுங்கள் என்பேன். அறையின் இரைச்சல் எது, பேச்சு எது என்று மென்பொருள் பிரித்தறிய அந்த வெற்று விநாடிகள் பின்னால் உதவும். மூன்றாவதாகச் சொல்ல நினைப்பது சற்று நீளமானது. வந்தவர்கள் காப்பியை முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க எழுந்துவிடுவதால் பெரும்பாலும் சொல்லாமலே போய்விடுகிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது வெட்டுவதற்கு வழியே கிடையாது. பாடகர் ஒரு கூம்பு வடிவக் குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வை ஊசி மெழுகுத் தட்டில் கீறிக்கொண்டு போகும். தவறினால் அந்தத் தட்டு வீண். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதைப் பலர் கேட்டிருப்பார்கள். ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் தட்டு அச்சிட்டவர்கள் யாருடைய குரல் என்று அடையாளம் காண அது தேவைப்பட்டது.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். கச்சேரியில் ஆலாபனை, கிருதி, நிரவல், ஸ்வரம் என்று அரைமணி நேரம் ஒரு ராகத்தில் உலவிய கோயம்புத்தூர் தாயி போன்றவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டியாக வேண்டும். எதை விடுவது என்ற தீர்ப்பு முழுவதும் பாடுபவர் மனத்துக்குள், வாய் திறக்கும் முன்பே முடிந்துவிட்டது. இசைத்தட்டு நம் சங்கீதத்தைக் குறுக்கிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பாடியவரே வெட்டினார் என்பது சிறிய விஷயமல்ல.

1925-ல் மைக்ரோபோன் வழியான மின்பதிவு வந்ததும் மெல்லிய குரல்களுக்கும் தட்டில் இடம் கிடைத்தது. ஆனாலும் வெட்டும் உரிமை பாடகர் கையைவிட்டு நழுவியது சினிமாவில்தான் என்று நினைக்கிறேன். ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் (1938) தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கடராமன் பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிக் குரலின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. 1944-ல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வை அவர் தமிழில் பேசவைத்தபோது ஒரு படத்தின் மொழி முழுவதையுமே கழற்றி மாட்ட முடிந்தது.

அதே 1938-ல் ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. அன்றைய வானொலி பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு; சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. காந்த ஒலிநாடா ஜெர்மனியில் 1935-லேயே காட்சிக்கு வந்திருந்தும் உலகப் போருக்குப் பிறகே பரவியது. வெட்டுதல் என்ற சொல் உண்மையிலேயே பொருந்துவது இந்த நாடாவுக்குத்தான். சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, உறுமலாகக் கேட்கும் ஒலியில் சொல்லின் விளிம்பைக் கண்டுபிடித்து, பென்சிலால் குறியிட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பார்கள். ஒலிப்பதிவுக்கூட வேகம் விநாடிக்குப் பதினைந்து அங்குலம். ஒருவருடைய பேச்சிலிருந்து ‘ஆனால்’ என்ற சொல்லை நீக்கினால் ஏறக்குறைய அரையடி நாடா தரையில் விழும். நீக்கியது கண்ணுக்குத் தெரிந்தது. மனம் மாறினால் குனிந்து எடுத்து ஒட்டலாம்.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட், எண்பதுகளில் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. பதிவு செய்யும் வசதி எல்லோருக்கும் வந்தது, கத்தரி வரவில்லை. குழந்தையின் மழலையும் தாத்தாவின் இருமலும் வந்தபடியே கிடந்தன.

இனி ரயில் ஏறலாம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. இந்தத் தடத்திலேயே ஒலியின் பிற்கால வரலாற்றைப் பார்த்துவிடலாம் என்பது என்னுடைய தனிப்பட்ட பித்து. கோடம்பாக்கத்தில், வீட்டை ஒட்டிய ஒலிப்பதிவுக்கூடத்தில் கணினியும் கருவிகளுமாக உழைத்து ஏ.ஆர். ரகுமான் 1992-ல் ‘ரோஜா’வின் பாடல்களைத் தந்தார். இசைக்கலைஞர்களை ஒவ்வொருவராக வரவழைத்து வாசிக்கவைத்து, துண்டுகளிலிருந்து பின்னால் பாட்டை உருவாக்குவது அவருடைய முறை. தாயியின் முறை தலைகீழாகிவிட்டது: முதலில் பதிவு, பிறகு தீர்மானம்.

ஆயினும் அது வசதியுள்ளவர்களின் உலகம். குறுந்தகட்டின் தரத்தில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்க வேண்டும். இருபுற ஒலி ஒரு நிமிடத்துக்குச் சுமார் பத்து மெகாபைட். ஒரு ஜிகாபைட் வன்தட்டே பெருமையாக இருந்த தொண்ணூறுகளில் அதில் நூறு நிமிடம்கூட முழுதாக அடங்காது. வன்தட்டு மலிந்த நேரத்தில் கத்தரியும் இலவசமாயிற்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் 1999-ல் எழுதத் தொடங்கிய ஆடாசிட்டி, 2000 மே மாதம் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது.

கோடம்பாக்கத்திலிருந்து தெற்கே வந்தால் கிண்டி. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-ல் சொன்னது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004 பிப்ரவரி 1 அன்று, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அது. பெரிய நிலையத்தின் படியேறாமலே ஒருவர் பதிவு செய்து, தாமே வெட்டி, தம் பேட்டைக்கு ஒலிபரப்ப வழி பிறந்தது. அரசியல் செய்தி கூடாது என்ற விதி மட்டும் சமூக வானொலிகளுக்கு உண்டு. அந்த வெட்டு சட்டத்தினுடையது.

கத்தரி நம் கைக்கு வந்தபின் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி இருந்தார். முன்பு வயலாக இருந்த ஓர் இடம் மனைகளான கதையை அவரிடம் கேட்டுப் பதிவு செய்தேன். “அந்த நிலத்தை உங்கள் மாமனார் வீட்டில் விரும்பித்தான் கொடுத்தார்களா பாட்டி?” என்றேன். “அவங்களாக் குடுத்ததுதான் தம்பி” என்றார். வீட்டுக்கு வந்து ஆடாசிட்டியில் இருமலை நீக்கி, இரைச்சலைக் குறைத்து, நீண்ட மௌனங்களைச் சுருக்கும் கட்டளையையும் ஒருமுறை ஓடவிட்டேன். கேட்ட நண்பர், “பாட்டி எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்!” என்று வியந்தார்.

அப்போதுதான் உறைத்தது. என் கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவே பதினோரு விநாடி இருந்தது. வெட்டிய கோப்பில் அது அரை விநாடி. தரையில் துண்டு எதுவும் கிடக்கவில்லை. திரையில் ஒரு வடுகூட இல்லை. ஆடாசிட்டியை மூடிவிட்டால் செய்ததைத் திருப்பும் வசதியும் போய்விடும். நல்லவேளையாக மூலப்பதிவைத் தனியே படியெடுத்து வைத்திருந்தேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் மூன்றாவது விஷயம் இதுதான்: மூலத்தைத் தொடாதீர்கள், படியில் வெட்டுங்கள்.

பதினோரு விநாடியையும் மீட்டு அதே நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்தாவது விநாடியில் தூரத்தில் ஒரு மின்ரயில் போகிறது. பாட்டி மூச்சு விடுகிறார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறார். பிறகு அந்தப் பதில். ஒலி முடிந்தபின் நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. “அப்படியானால் கொடுத்தார்களா, இல்லையா?” என்று கேட்டார்.