பிளாக்காங் மாத்தி என்னும் செந்தோசா

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர்ப் பகுதி ஆசிரியர்கள் மாணவரைச் சிங்கப்பூருக்கு ஒருநாள் சுற்றுலாவாக அழைத்துச் செல்வதுண்டு. அவ்வாறு செல்வோர் செந்தோசாத் தீவைக் காணாமல் திரும்புவது அரிது. நகரிலிருந்து 123ஆம் எண் பேருந்து தீவின் கடற்கரை நிலையம் வரையிலும் போகிறது. தீவுக்குள் சுற்றிவரும் பேருந்துகளுக்குக் கட்டணமே இல்லை. ஹார்பர்பிரண்ட் பகுதியைத் தாண்டிப் பாலத்தில் ஏறிய பேருந்து சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடுகிறது. கடலைக் கடக்கிறோம் என்று பிள்ளைகள் எழுந்து நின்று பார்ப்பதற்குள் கடல் முடிந்துபோகிறது.

அரைக் கிலோமீட்டர் அகலங்கூட இல்லாத இந்நீரிடுக்கைக் கடக்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்பதைத் தொடர்ந்து பார்த்தால் இத்தீவின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும். வழிகாட்டி ஏடுகள் தீவின் வரலாற்றைக் கேளிக்கைப் பூங்காக்களில் தொடங்கி அவற்றிலேயே முடித்துவிடுகின்றன. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு அது போதாது. ஆகவே பேருந்து செல்லும் வழியையே வழியாகக் கொண்டு சில செய்திகளை ஈண்டு எழுதுகிறேன்.

பேருந்து பாலத்தை அணுகும் முன் பின்னே திரும்பிப் பார்த்தால் தெரியும் குன்று ஃபேபர் குன்று. முன்னர் அதற்குத் தெலோக் பிளாங்கா குன்று என்று பெயர். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஃபேபர் என்பவர் 1840களில் அக்குன்றின் உச்சிக்குச் சாலை அமைத்தார். குன்றும் அவர் பெயரைப் பெற்றது. கப்பல்களுக்கு அடையாளம் காட்டும் கொடிமரம் அதற்கு முன் எதிரிலுள்ள தீவில் இருந்தது. அங்கே காய்ச்சல் கண்டு மக்கள் மாண்டதால், 1845இல் கொடிமரத்தை இக்குன்றுக்கு மாற்றினர். ஆங்கில அரசே அஞ்சி விலகிய தீவாக அன்று அது இருந்தது.

பாலத்தின் கீழே கிடப்பது கெப்பல் துறைமுகம். கெப்பல் என்பவர் ஆங்கிலக் கடற்படைத் தலைவர். 1848இல் இந்நீரிடுக்கின் ஆழத்தை அறிந்து, பெருங்கப்பல்கள் தங்குதற்கு ஏற்ற இடம் இது என்று கண்டவர். புதுத் துறைமுகம் என்று வழங்கிய இவ்விடத்துக்கு 1900இல் அவர் பெயரை வைத்தனர். ஆனால் கெப்பல் கண்டறிவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சீனக் கப்பலோட்டிகள் இவ்வழியை அறிந்திருந்தனர். வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் 'கடல்நாகப் பல் வாயில்' என்று பொருள்படும் ஓரிடம் வருகிறது. அது இந்நீரிடுக்கின் மேற்கு வாயிலே என ஆய்வாளர் பலர் கொள்வர். அங்கே கடலிலிருந்து பல்லைப்போல் நிமிர்ந்து நின்ற பாறையை மலாய்க்காரர் பத்து பெர்லாயார், அதாவது பாய்விரித்தோடும் கல், என்றனர். கப்பல் போக்குவரத்துக்கு இடையூறாக இருக்கிறதென்று கூறி, அரசாங்க நில அளவையாளர் தாம்சன் 1848 ஆகஸ்டில் அதை வெடிவைத்துத் தகர்த்தார். ஐந்நூறு ஆண்டுக்காலம் வழிகாட்டிய கல், வழியை அகலமாக்குவதற்காக அழிந்தது.

இனிப் பெயருக்கு வருவோம். இத்தீவின் பழம்பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி. மலாயில் பிளாக்காங் என்றால் பின்புறம், மாத்தி என்றால் சாவு. இப்பெயருக்குப் பல கதைகள் சொல்லுவர். கடற்கொள்ளையர் இங்கே மக்களைக் கொன்று குவித்தனர் என்பது ஒன்று. அருகேயுள்ள பிரானித் தீவில் மாண்ட வீரர்களின் ஆவிகள் இங்கு உறைகின்றன என்பது இன்னொன்று. பேருந்து பாலத்தில் போகும்போது இடப்பக்கம் தெரிவதே பிரானித் தீவு. 1840களில் பரவிய காய்ச்சலால் தீவே செத்ததென்றும், அதனால் இப்பெயர் வந்ததென்றும் சொல்லும் கதைதான் மிகுதியாக வழங்குவது. ஏடுகள் பலவும் இதையே எழுதுகின்றன.

இந்தக் கடைசிக் கதையை ஏற்க இயலாது. மலாக்காவில் பிறந்து, போர்த்துகீசியத் தந்தைக்கும் பூகிஸ் தாய்க்கும் மகனான எரேடியா என்பவர் 1604இல் வரைந்த நிலப்படத்தில் 'பிளாக்கான் மாத்தி' என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. காய்ச்சல் வந்தது அதற்கு இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து! முன்னே இருந்த பெயருக்குப் பின்னே வந்த நோய் எவ்வாறு காரணமாகும்? மாணவருக்குக் காலமுறை கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. கதையைச் சொல்லிவிட்டு இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதினால் போதும். முடிவைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மாத்தி என்ற சொல் பிணத்தை மட்டும் குறிப்பதுமன்று. மறுபுறம் வழியில்லாத தெருவை ஜாலான் மாத்தி என்கிறோம். ஜொகூரிலேயே சுங்கை மாத்தி என்ற ஊர் உண்டு. அங்கே செத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஓட்டம் நின்ற ஆறும் அம்மொழியில் செத்த ஆறுதான். குன்றுகளுக்குப் பின்னால் நிலம் பயன்படாது கிடந்ததால் இப்பெயர் வந்தது என்று கருதுவாரும் உளர். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. எனினும் பெயரிட்டவர் சான்று எதையும் விட்டுச் செல்லாதபோது உறுதியாகக் கூறுவதற்கில்லை.

காய்ச்சலைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் பிண விசாரணை அதிகாரியாக இருந்த மருத்துவர் ராபர்ட் லிட்டில், பிளாக்காங் மாத்திக் காய்ச்சலை நேரில் ஆராய்ந்து 1848இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கடல் வற்றும் வேளையில் வெயிலில் காயும் பவளப் பாறைகள் அழுகி நச்சுக்காற்றை எழுப்புகின்றன, அதுவே நோய்க்கு மூலம் என்பது அவர் முடிவு. நோய் எங்கெங்கே மிகுந்தது, எங்கெங்கே குறைந்தது என்று கவனித்து எழுதியவர்தாம் அவர். ஆனால் கொசுவை அவர் ஐயுறவில்லை. மலேரியா நுண்ணுயிரைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டது 1897இல், செகந்திராபாத்தில். லிட்டிலின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்.

மக்கள் அஞ்சிய தீவை இராணுவம் விரும்பியது. தீவை அரண் செய்ய வேண்டுமென்று கேப்டன் எட்வர்டு லேக் 1827இலேயே யோசனை கூறினார். அரசு அதை அப்போது பொருட்படுத்தவில்லை. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்களின் வரவு பெருகியது. நிலக்கரி நிரப்பும் துறையாகிய புதுத் துறைமுகத்தைக் காக்க வேண்டிய தேவை எழுந்தது. 1870களிலும் 1880களிலும் சிலோசோ, செராபோங், கன்னாட் ஆகிய கோட்டைகளும் இம்பியா குன்றில் பீரங்கித் தளமும் அமைந்தன. அதுமுதல் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தீவு இராணுவத்தின் கையில் இருந்தது. மீனவரும் சிற்றூர் மக்களும் அங்கே வாழ்ந்தார்கள் என்றாலும், படகில் போய் எவரும் விருப்பம்போல் உலவிவரக்கூடிய இடமாக அது இல்லை.

அந்தப் பீரங்கிகளைப் பற்றியும் ஒரு கதை உண்டு. எல்லாம் கடலை நோக்கியே நிறுத்தப்பட்டன, ஜப்பானியர் பின்புறமாக வந்தபோது அவற்றைத் திருப்ப முடியவில்லை என்பார்கள். நம் வகுப்பறைகளிலும் இக்கதை நெடுநாள் வழங்கியிருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிலோசோ, கன்னாட் கோட்டைகளின் பீரங்கிகள் நிலப்புறமாகத் திரும்பிச் சுட்டன என்பதே உண்மை. குறை குண்டில் இருந்தது. கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்காகச் செய்த குண்டுகள் மண்ணுக்குள் ஆழப் புதைந்தன. பரவி நிற்கும் காலாட்படைக்கு அவை பெருஞ்சேதம் விளைக்கவில்லை. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அடுத்து நிகழ்ந்ததை மாணவருக்குச் சொல்வதா என்று ஆசிரியர் சிலர் தயங்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சரணடைந்த சில நாள்களுக்குள் ஜப்பானியர் சீன ஆடவரைத் திரட்டித் தரம்பிரித்து, தமக்குப் பகைவர் என்று கருதியவரைக் கொன்றனர். சூக் சிங் என்று அக்கொலையை அழைப்பர். தஞ்சோங் பகாரில் படகேற்றிக் கொண்டுபோய்க் கடலில் சுட்டுத் தள்ளப்பட்டவர்களின் உடல்கள் இத்தீவின் கரையில் வந்து ஒதுங்கின. தீவிலேயே சிறைப்படக் காத்திருந்த ஆங்கிலப் பீரங்கி வீரர்கள், குண்டு துளைத்த ஏறத்தாழ முந்நூறு உடல்களைக் கரையோரம் புதைத்தனர். இன்று அப்பகுதியில் குழிப்பந்தாட்டத் திடல் இருக்கிறது. சயாம் இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத பாட்டன்மாரின் கதை நம் தோட்டங்களில் இல்லாத குடும்பம் குறைவு. நம் பிள்ளைகளுக்கு அதே ஆண்டுகளில் இன்னோர் இனம் பட்ட பாடும் தெரிந்திருக்க வேண்டும்.

போருக்குப்பின் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்த காலத்தில் கூர்க்காப் படையினர் இங்கே தங்கினர். 1967இல் தீவு சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. எண்ணெய்த் தொழிலுக்கு விடுவதா, மக்கள் ஓய்வுகொள்ளும் இடமாக்குவதா என்ற கேள்வி எழுந்தது, ஓய்விடமே வென்றது. செந்தோசா மேம்பாட்டுக் கழகம் 1972 செப்டம்பரில் அமைந்தது. சாவைக் குறிக்கும் பெயரோடு சுற்றுலாப் பயணிகளை எப்படி அழைப்பது? பொதுமக்களிடம் யோசனை கேட்டுப் புதுப்பெயர் தேர்ந்தெடுத்தனர். அதுவே செந்தோசா.

இச்சொல் நமக்குப் புதிதன்று. சமஸ்கிருதத்தில் சந்தோஷ, தமிழில் சந்தோஷம், மலாயில் செந்தோசா. ஒரே வேரிலிருந்து இருமொழிக்கும் போன சொல், போன இடத்தில் பொருள் மாறியிருக்கிறது. நாம் அதை மகிழ்ச்சி என்னும் பொருளில் வழங்குகிறோம். மலாயில் அது அமைதி, கவலையின்மை. கிள்ளானில் தாமான் செந்தோசாவில் வாழும் நம்மவருள் எத்தனை பேர் தம் வீட்டு முகவரியில் இப்படி ஒரு பழைய உறவுக்காரர் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்த்திருப்பர்?

புதுப்பெயரோடு புதுவழிகளும் வந்தன. 1974இல் ஃபேபர் குன்றிலிருந்து தீவுக்குக் கம்பிவட ஊர்தி ஓடத் தொடங்கியது. பாலத்தின் வலப்பக்கம் இன்றும் அது தலைக்குமேல் போவதைக் காணலாம். 1983 சனவரி 29ஆம் நாள், எனிவெட்டோக் என்னும் எண்ணெய் துளைக்கும் கப்பல் துறையிலிருந்து வெளியேறுகையில் அதன் உயர்ந்த கோபுரம் கம்பிவடத்தில் சிக்கியது. இரண்டு கூண்டுகள் கடலில் வீழ்ந்தன, எழுவர் மாண்டனர். மற்றக் கூண்டுகளில் சிக்கித் தவித்தோரை எலிகாப்டர் வழியாக மீட்டனர். கல்லைத் தகர்த்து அகலமாக்கிய நீரிடுக்கு அந்த மாலையில் மேலும் கீழும் இரண்டு வழிகளைத் தாங்க மாட்டாததாயிற்று.

பலர் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. சியா தை போ என்பவர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். பாரிசான் சோசியலிஸ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1966இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாகி, வழக்கு விசாரணையின்றி இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் காவலில் இருந்தார். 1989 மே மாதத்தில் அவரைச் சிறையிலிருந்து விடுவித்தனர். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. செந்தோசாவில் பழைய காவற்கூடம் ஒன்றில் வாழவேண்டும் என்று பணித்தனர். ஆயிரக்கணக்கானோர் மகிழ்ந்து திரும்பும் தீவில் ஒருவர் மட்டும் திரும்பும் உரிமையின்றி இருந்தார். 1992இல்தான் பெருந்தீவில் குடியிருக்க அவருக்கு அனுமதி கிட்டியது. எஞ்சிய கட்டுப்பாடுகள் 1998 நவம்பரில் நீங்கின.

அதே 1992ஆம் ஆண்டு, திசம்பர் 15ஆம் நாள், சாலைப் பாலம் திறந்தது. அதுவரை தோணியிலும் பயணப் படகிலும் கம்பிவட ஊர்தியிலும் வந்தவர்கள் அன்றுமுதல் பேருந்தில் வரத் தொடங்கினர். தீவுக்குள் 1982 முதல் ஓடிய ஒற்றைத் தண்டவாள ஊர்தி 2005இல் நின்றது. பாலத்தின் மேலேயே ஓடும் இரயில் 2007இல் வந்தது.

ஒருநாள் பயணத்தில் இவை அனைத்தையும் காட்ட நேரம் இராது. பிள்ளைகள் யூனிவர்சல் ஸ்டூடியோவைத்தான் கேட்பார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காலை நேரத்தில் மட்டும் அவர்களைச் சிலோசோக் கோட்டைக்கு அழைத்துச் செல்லலாம். பீரங்கிகளும் சுரங்க அறைகளும் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. சரணடைந்த காட்சியை மெழுகுப் பாவைகளால் அமைத்திருக்கிறார்கள். 2015இல் திறந்த உயர்நடைபாதை பதினொரு மாடி உயரத்தில் மரங்களுக்கு மேலாகக் கோட்டையை நோக்கிச் செல்கிறது. எதிர்க்கரையில் தெரியும் பசுமை லாப்ரடார் பூங்கா. அதன் நீரோரத்தில்தான் பத்து பெர்லாயார் நின்றது. சீனக் கடலோடி செங் ஹோவின் பயணத்தின் அறுநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தகர்த்த கல்லைப் போலவே ஒரு மாதிரிக் கல்லை 2005இல் அங்கே நாட்டியிருக்கிறார்கள்.