சதுர அடிக்கு விலை போன எழுத்து

தமிழ்நாட்டுத் தெருக்களில் எழுத்துக்கு விலை சொல்லும் அலகு, 2000ஐ அடுத்து வந்த சில ஆண்டுகளுக்குள் சந்தடியின்றி மாறியது. அதற்கு முன்பு பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, எத்தனை எழுத்து என்பதைத்தான். இன்று பேனர் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, எத்தனைக்கு எத்தனை அடி என்பது. இரண்டும் விலை கேட்பதற்கான கேள்விகளே. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாம் நகர்ந்தபோது தெருவில் படிக்கக் கிடைக்கும் தமிழும் நகர்ந்துவிட்டது. இதைத் தொழில் வரலாறாக மட்டும் பார்க்காமல், மொழி வரலாற்றின் ஒரு சிறு பகுதியாகவும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது 1965 அக்டோபர் 2 அன்று. புதிய மாவட்டம் என்றால் புதிய அலுவலகங்கள். புதிய அலுவலகங்கள் என்றால் புதிய பலகைகள். தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களில் தன் பெயருக்குப் பின்னால் ‘ஆர்ட்ஸ்’ என்று சேர்த்துக்கொண்டு ஒரு சிறு கடையில் உட்கார்ந்திருந்த ஓவியர்கள் அந்தத் தலைமுறையின் தேவைக்குப் பிறந்தவர்கள். தகரப் பலகை, வண்டி எண், லாரியின் பின்புற வாசகம், பள்ளிச் சுவர், கட்சிச் சுவர், திருவிழாத் துணி பேனர் என எல்லாமே அவர்கள் கையால்தான். விலை ஒரே மாதிரி இருந்ததில்லை. பெயர்ப்பலகைக்கும் வண்டி எண்ணுக்கும் எழுத்துக் கணக்கு. சுவர் விளம்பரத்துக்குப் பரப்பளவுக் கணக்கு. துணி பேனருக்குக் காடாத் துணியின் நீளத்தையும் வாசகத்தின் அளவையும் சேர்த்து ஒரு மொத்தத் தொகை. நிழல் விழுந்தாற்போல எழுத வேண்டுமென்றால் கூடுதல்; இரண்டு நிறம் என்றால் இன்னும் கூடுதல்.

எழுத்துக்குக் காசு என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மொழி விளைவு உண்டு. சொல் சுருங்கும். தந்தியில் சொல்லுக்குக் காசு என்றிருந்ததால், 2013 ஜூலையில் அந்தச் சேவை நிறுத்தப்படும் வரை, தந்திக்கென்று ஒரு தனி உரைநடையே இருந்தது. பெயர்ப்பலகைத் தமிழும் அப்படித்தான். கடைக்காரர் தன் பெயரையும் தொழிலையும் ஊரையும் எழுதச் சொல்வார். ‘இவ்விடம்’ என்ற ஒரு சொல்லில் ஒரு வாக்கியம் அடங்கிவிடும். எழுதுவதற்கு முன் வாசகத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வார் ஓவியர். எனாமல் காய்ந்த பிறகு ஒற்றுப்பிழையைத் திருத்துவது அரை நாள் வேலை என்பதால் இருவருமே அந்தத் தாளைக் கவனமாகப் படித்தார்கள்.

இந்த ஓவியர்களை மொழி வரலாற்றில் சேர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது, தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’, ‘ணை’ போன்ற வடிவங்கள் பாடநூலிலிருந்து விலகின. அச்சகங்களுக்கு அது அச்சுருக்களை மாற்றும் செலவு. ஓவியருக்கோ கையின் பழக்கத்தையே மாற்றும் வேலை. புதிய எழுத்தைப் பாமரர் கண்ணுக்குப் பழக்கியதில் பாடநூலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கடைப் பலகைக்கும் இருந்திருக்க வேண்டும். இதை நம் எழுத்துச் சீர்திருத்த வரலாறுகள் பொதுவாகப் பேசுவதில்லை. அதேபோல, கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற அரசு விதியை அடிக்கோலால் அளந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான்.

சென்னையின் கதை வேறு. அங்கே அண்ணாசாலையில் திரைப்படங்களுக்கான பிரம்மாண்டமான பேனர்களும் கட்டவுட்டுகளும் ஒரு தனிக் கலையாக வளர்ந்து, பிறகு கட்சி அரசியலுக்கும் பரவின. பிரமிந்தா ஜேக்கப் அதைப் பற்றி 2009இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். பேனர் வரைந்த கையோடு எழுதவும் வந்த கோவை ஓவியர் ஜீவாவின் ‘திரைச்சீலை’ நம் வாசகர்கள் அறிந்த நூல். ஆனால் ஆய்வாளர்களின் கண் பெரும்பாலும் முகங்களின் மீதே நின்றது. எழுத்தை மட்டும் எழுதிப் பிழைத்த சிறு நகர ஓவியனைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இனி ஃபிளெக்ஸ். நாம் பேச்சில் ‘வினைல்’ என்றால் பின்புறம் பசையுள்ள ஸ்டிக்கரைச் சொல்கிறோம்; பேனர் துணியை ஃபிளெக்ஸ் என்கிறோம். இரண்டும் பி.வி.சி.தான். விறைப்பாகவும் நொறுங்கும் தன்மையோடும் இருந்த பி.வி.சி.யை வளையும் பொருளாக மாற்றும் வழியை 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் கண்டறிந்தவர் வால்டோ செமன். அதே குட்ரிச் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு 1960களில் ஒரு பி.வி.சி. ஆலை வந்த இடம், தருமபுரிக்கு அடுத்துள்ள மேட்டூர். ஆனாலும் பேனர் துணி நம் கடைகளுக்கு மேட்டூரிலிருந்து வரவில்லை. பாலியெஸ்டர் நூல்வலையின் இருபுறமும் பி.வி.சி. படலம் ஒட்டிய சுருள்கள் முதலில் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தன. சீனச் சரக்கு வந்து விலையை எவ்வளவு கீழே தள்ளியது என்பதற்கு, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய அரசு அதன்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்க நேர்ந்ததே சான்று. அச்சிடும் இயந்திரங்களும் பெரும்பாலும் சீனத் தயாரிப்புகள், ஜப்பானிய அச்சுத் தலைகளோடு. நான்கு நிற மை, கரைப்பான் நெடி, குளிரூட்டிய ஒரு சிறு அறை. அவ்வளவில் தொழில் தொடங்கிவிடலாம். தொடக்கத்தில் சிறு நகரக் கடைகள் சேலத்துக்கோ பெங்களூருக்கோ கோப்பைக் குறுந்தகட்டில் அனுப்பிப் பேனரைப் பேருந்தில் வரவழைத்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004 பிப்ரவரியில் பலகைகள் மறுபடியும் மாறின. அப்போது ஃபிளெக்ஸ் வந்துகொண்டிருந்தது.

சதுர அடிக் கணக்கு பார்ப்பதற்கு எளிது. பத்துக்கு ஆறு என்றால் அறுபது சதுர அடி. விலை சதுர அடிக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 720 ரூபாய். வாடிக்கையாளர் இந்தப் பெருக்கலோடு நின்றுவிடுகிறார். கடைக்காரரால் நிற்க முடியாது. சுருள்கள் 3, 4, 5, 6, 8, 10 அடி என்று நிலையான அகலங்களில்தான் வருகின்றன. ஒருவர் ஏழுக்கு ஐந்து கேட்கும்போது கையில் எட்டடிச் சுருள் மட்டும் இருந்தால் அதில் ஐந்தடி நீளம் ஓட்ட வேண்டும். காசு வருவது 35 சதுர அடிக்கு, செலவாவது 40. விற்ற பரப்பில் ஏழில் ஒரு பங்கு வெட்டுத் துண்டாகக் கீழே விழுகிறது. இதைத் தவிர்க்க, ஒரே அகலத்தில் இரண்டு மூன்று வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஓட்டுவார்கள். ஒரு வீட்டின் காதணி விழாவும் இன்னொரு வீட்டின் கண்ணீர் அஞ்சலியும் ஒரே ஓட்டத்தில் அச்சாகிக் கத்தியால் பிரிக்கப்படுவது இதனால்தான்.

அடுத்தது தடிமன். ஃபிளெக்ஸின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்கிறார்கள். மலிவான சரக்கு இருநூற்றுச் சொச்சம். நீடித்து நிற்க வேண்டிய பலகைக்கு நானூறுக்கு மேல். இரண்டு நாள் நிற்கும் வாழ்த்துப் பேனருக்கு யாரும் கனத்த சரக்கு கேட்பதில்லை. ஆடிக்காற்றில் கிழிந்தால் மட்டும் கடைக்காரரிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். ஓரம் மடித்து ஒட்டுவது, வளையம் அடிப்பது, ரீப்பர் கட்டைச் சட்டம், சவுக்குக் கம்பு, கட்ட வரும் ஆட்களின் கூலி என்பவை தனி. பெரிய பேனர்களில் அச்சுக்கூலியைவிடச் சட்டமும் கட்டுக்கூலியும் அதிகமாகிவிடும். ஆனாலும் ஊரில் பேசப்படும் விலை சதுர அடி விலை ஒன்றுதான். பக்கத்துக் கடை ஐம்பது காசு குறைத்தால் இவரும் குறைத்தாக வேண்டும். சென்னைக்கு வெளியே நாளொன்றில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த 2012இல், டீசல் செலவை எந்தக் கடையும் சதுர அடிக் கணக்கில் ஏற்ற முடியவில்லை. பாதி அச்சில் மின்சாரம் போனால் அந்தத் துண்டு வீண். நின்றுபோன இயந்திரத்தின் அச்சுத் தலையில் மை உறைந்தால் அந்தச் செலவும் கடைக்காரருடையது. தவணை கட்டும் தேதி மட்டும் மாறாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கணக்கில் இல்லாத ஒன்று: வடிவமைப்புக்குக் காசு கிடையாது. ‘டிசைன் இலவசம்’ என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். இரண்டு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்து, வாட்ஸப்பில் வந்த மங்கலான முகத்தை வெட்டி ஒட்டி, உறவினர் நாற்பது பேரின் பெயரை முறை தவறாமல் வரிசைப்படுத்தும் இளைஞனின் உழைப்புக்குத் தனி விலை இல்லை. பத்தடி அகலப் பேனருக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி என்றாலும் 8,640 புள்ளிகள் வேண்டும். அவனிடம் வருவது அதில் கால் பங்குகூட இல்லாத படம். அதை ஈடுகட்டுவதற்குத்தான் மேகம், மின்னல், சிங்கம், ஒளிவட்டம் எல்லாம். ரசனைக்குறைவு என்று நாம் எளிதாகச் சிரித்துவிடுகிறோம். அந்தச் சிங்கம் இலவசம் என்பதும், இலவசமாகக் கிடைக்கும் எதையும் யாரும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பதும் நம் அழகியல் விவாதங்களில் வருவதில்லை.

எழுத்தும் அவ்வாறே இலவசமாயிற்று. அறுபது சதுர அடிக்குள் பத்துச் சொல் இருந்தாலும் முந்நூறு சொல் இருந்தாலும் விலை ஒன்று. அடைமொழிகள் பெருகின. முன்பு எழுத்துக் கணக்குப் பார்த்துச் சுருங்கிய தமிழ் இப்போது பரப்பை நிரப்பும் கடமையில் விரிந்தது. ஓவியரின் கையெழுத்து வடிவங்களுக்குப் பதில் ஒருசில கணினி எழுத்துருக்களே ஓசூர் முதல் நாகர்கோவில் வரை ஒரே முகத்தோடு நின்றன. ஒருங்குறிக்கு முந்தைய அந்த எழுத்துருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியாக்கம். ஓர் எழுத்துருவில் தட்டியதை இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நின்ற பேனர்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும் பேனர் கடைகள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. கையில் சேர்ந்திருந்த அலங்கார எழுத்துக்கள் எல்லாம் அவற்றில்தான் இருந்தன. பிழை திருத்துவது கணினியில் நொடி வேலை. ஆனால் வாடிக்கையாளர் கைப்பேசியில் படத்தின் முகங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘சரிங்கண்ணா, ஓட்டிடுங்க’ என்று சொல்லிவிடுவார்.

இந்த இடத்தில் தகடூர்ப் பகுதியின் பழைய விளம்பரப் பலகைகளை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைச் சொல்கிறேன். கல்லைக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்த சடங்கு அது. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்த ஊர்ப் பூசலில் பட்டான் என்பவை வட்டெழுத்தில் சில வரிகள். உளி ஒவ்வோர் எழுத்துக்கும் உழைப்பைக் கேட்டதால் அந்த உரைநடையில் ஒரு சொல் மிகையில்லை. ஆனால் இந்த ஒப்பீட்டை வைத்து ஃபிளெக்ஸை இழிவுபடுத்திவிடவும் கூடாது. நடுகல் அரசர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சாதாரண வீரனுக்கும் நின்றது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கள்ளரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாய்க்கும் பங்கு கிடைத்தது. இடைக்காலத்தில் பொதுவெளியில் முகம் காட்டும் உரிமை தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் சுருங்கிப்போனது. பத்து ரூபாய்ச் சதுர அடி வந்த பிறகுதான், பெங்களூரில் கட்டட வேலை செய்து திரும்பும் ஒருவர் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அவளைப் பத்தடி உயரத்தில் தெருமுனையில் நிறுத்த முடிந்தது. அந்தப் பேனரில் ஒற்றுப்பிழை தேடுவது என் தொழில்தான். அந்தப் பெருமிதத்தைக் காணாமல் பிழையை மட்டும் காண்பது நேர்மையாகாது.

பெருமிதத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை வேறிடத்தில் தெரிந்தது. 1959ஆம் ஆண்டின் பொது இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் முதல், மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியைக் கோரும் விதிகள் வரை எல்லாம் ஏட்டில் இருந்தன. டிராஃபிக் ராமசாமி போன்ற ஒருவர், 2021இல் மறையும் வரை, வழக்குப் போட்டும் தன் கையாலேயே கிழித்தும் பார்த்தார். 2017 நவம்பரில் கோவையில் விழா வளைவின் சட்டத்தில் மோதி ஓர் இளைஞர் இறந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், இல்ல விழா பேனர் ஒன்று சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது மென்பொறியாளர் தண்ணீர் லாரியின் சக்கரத்தில் உயிரிழந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தின் கடும் கண்டனத்துக்குப் பிறகு கட்சிகள் பேனர் வைக்கமாட்டோம் என்று அறிவித்தன. அந்த மாதங்களில், அனுமதியில்லாத பேனரை அச்சிட்டால் கடைக்கே சீல் என்ற எச்சரிக்கை மாவட்டங்களிலும் சொல்லப்பட்டது. சட்டத்தின் கை முதலில் எட்டியது பேனரை வைத்தவரை அல்ல, அச்சிட்டவரை. மூலையில் தொலைபேசி எண் இருப்பது அவருடையதுதானே. ஒரு காலத்தில் ஓவியர் கையொப்பமிட்ட மூலை அது.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்கள் தடைசெய்யப்பட்டன. வழக்கமான ஃபிளெக்ஸ் பெரும்பாலும் அதைவிடத் தடிமனானது என்பதால் கடைகளில் பெரிய மாற்றமில்லை. விழா முடிந்த பேனர் மக்குவதில்லை, எரித்தால் நச்சுப்புகை. ஆனால் இங்கே அதைப் பெரும்பாலும் யாரும் எரிப்பதுமில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கூரை, புளி காயவைக்கத் தரை, பாலக்கோட்டுத் தக்காளிக் கூடைகளுக்கு மழை மறைப்பு என்று அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கிறது. அச்சிட்ட பக்கத்தைக் கீழே போட்டு வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரிக்கிறார்கள். வெயிலில் சூடு குறைவாம்.