ஒரு பைசா விலையில் வரலாறு

ஆய்வை வெகுமக்களிடம் கொண்டுசெல்வது வலைப்பூவும் பாட்காஸ்ட்டும் வந்த பிறகு தொடங்கிய வேலை என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். புதன்தோறும் வந்த நான்கு பக்க வார இதழ். விலையே அதன் பெயர். ஓராண்டு கழித்து வாசகர்களின் விருப்பப்படி ‘தமிழன்’ என்று பெயர் மாறியது.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? ‘பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்’ அதில்தான் தொடராக வந்தது. ‘இந்திரர் தேச சரித்திர’மும் அப்படியே. இலக்கணம், சித்த மருத்துவம், அரசியல் செய்தி, வாசகர் கேள்விக்குப் பதில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இன்று வெகுமக்கள் பண்பாட்டு ஆய்வு என்று தனித் துறை வைத்திருக்கிறோமே, அதை அவர் துறைப்பெயர் இல்லாமலே செய்துகொண்டிருந்தார். தீபாவளி எண்ணெய்க் குளியலை எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்த பௌத்தர்களின் நினைவாகப் படித்தார். அம்மன் வழிபாட்டுக்குப் பின்னால் அம்பிகை என்னும் பௌத்த பிக்குணியைக் கண்டார். அவருடைய சொல்லாராய்ச்சி பலவும் இன்றைய மொழியியலின் முன் நிற்காது. நிற்காவிட்டால் என்ன? வீட்டுத் திண்ணையில் கொண்டாடும் பண்டிகைக்குள் அடக்கப்பட்டவர்களின் வரலாறு புதைந்திருக்கலாம் என்ற கேள்வியை எழுப்பியவர் அவர். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

வாசித்தவர்கள் யார் என்பதும் முக்கியம். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள், இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள் ஆய்வுத் தொடரை வாரக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள், கேள்வி எழுதி அனுப்பினார்கள். எளிய மக்களுக்கு ஆய்வு புரியாது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தனக்கென்று ஒரு தாள் இல்லாதவனின் பேச்சு எங்கும் ஏறாது என்பது இங்கு மட்டுமான அனுபவமன்று. 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட ‘கேசரி’ மறுத்தது. 1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்து, உரையின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடே நின்றுபோனது. உரையைத் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார், இரண்டே மாதத்தில் தீர்ந்தன. மேடையில் பேசப்படாத அந்த உரைதான் ‘சாதி ஒழிப்பு’. பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்தார். ஒரு சொற்பொழிவை அச்சில் வாசித்துக்கொண்டிருக்கும் நமக்கு இது கூடுதலாகவே உறைக்க வேண்டும்.

இனி கசப்பான பகுதிக்கு வருவோம். பண்டிதர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாகப் பரவலாகக் கிடைத்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள்! அதுவரை அவற்றைக் காத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அன்று. தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் பௌத்தக் குடும்பங்களும்தான். 1869இன் ‘சூரியோதயம்’, 1871இன் ‘பஞ்சமன்’ ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை. அவற்றைப் பெரும்பாலும் பெயராகத்தான் அறிவோம்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவுசெய்கிறார்கள். ‘ரவுண்ட் டேபிள் இந்தியா’வும் ‘தலித் கேமரா’வும் கட்டுரையாகவும் காணொளியாகவும் சேர்த்துவைத்தவை பல ஆய்வேடுகளுக்கு மூலமாயின. கானாவையும் பறையையும் சினிமாவையும் பற்றி நம்மவர் பேசும் ஒலிப்பதிவுகளுக்கு அனுமதி கேட்க எந்த ஆசிரியர் குழுவும் தேவையில்லை. அந்தச் சுதந்திரம் பெரிது. ஆனால் சேமிக்கும் இடம் நம்முடையதன்று. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, அதிலிருந்த இலட்சக்கணக்கான பக்கங்கள் போயின. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் நின்றது. தங்கவயல் வீட்டுப் பரணில் தாள் கிடந்தது போல ஒலிக்கோப்பு தானாகக் கிடக்காது. யாரோ எடுத்துவைத்தால்தான் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வலைப்பக்கத்திலிருந்து கருத்தை எடுத்துக்கொண்டு, அடிக்குறிப்பில் அச்சு நூலை மட்டும் காட்டும் பழக்கம் ஆய்வேடுகளில் உண்டு. பேசியதற்கு எழுத்து வடிவம் இல்லை, தேதி இல்லை, பக்கம் இல்லை என்பது அவர்களுக்கு வசதியான சாக்கு. ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். பதிவிடும் ஒவ்வொரு உரையாடலையும் எழுத்தில் பெயர்த்து, பேசியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து, இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றது ஊர் நூலகத்துக்குப் போகட்டும்.