அம்மம்மாவின் கசெற்றும் பதினைந்து ஊசிகளும்



சில மாதங்களுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு முப்பத்தோராம் நாள் நினைவு நிகழ்வுக்குப் போயிருந்தேன். பேரன் தனது மடிக்கணினியில் அம்மம்மாவின் வீடியோ ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 1986ஆம் ஆண்டு ஊரில் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. அவர் நடந்து, சிரித்து, ஆட்களை வரவேற்கின்ற ஒரே பதிவு அதுதான்.

கணினியில் இருந்தது யூ.எஸ்.பி.-சி துளை மட்டும். மண்டபத்துப் புரொஜெக்டரில் இருந்ததோ பழைய நீல நிற வி.ஜி.ஏ. துளை. ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய் ஓர் இணைப்பியை எடுத்து வரும்போது சனம் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டது. படம் வந்தது, குரல் வரவில்லை. மகள் எழுந்து வந்து, "அம்மா கதைக்கிறது கேக்கேல்லையே" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்கிறேன்.

வி.ஜி.ஏ. என்பது 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது பி.எஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த முறை. மூன்று வரிசையில் பதினைந்து ஊசிகள். அக்காலத் திரைகள் கண்ணாடிக் குழாய்த் திரைகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மூன்று கம்பிகளில் போகும். நேரம் காட்டுவதற்கு இன்னும் இரண்டு கம்பிகள். ஒலிக்கு என்று ஒரு கம்பியும் இல்லை. அன்று மண்டபத்தில் நடந்ததற்குக் காரணம் இதுதான். மற்றைய நிறுவனங்களும் இதையே பின்பற்றியதால், இருபது வருடங்களுக்கு மேலாக உலகத்து மண்டபங்களும் பாடசாலைகளும் இந்த நீலத் துளையை நம்பி இருந்தன.

பின்னர் தட்டைத் திரைகள் வந்தன. அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். கணினிக்குள் எண்ணாக இருப்பதை மின்னழுத்தமாக மாற்றி அனுப்பி, திரைக்குள் மறுபடி எண்ணாக்குவது வீண் வேலை. ஆகவே 1999இல் டி.வி.ஐ. வந்தது. 2002 டிசம்பரில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் எச்.டி.எம்.ஐ. முறையை வெளியிட்டன. படமும் ஒலியும் ஒரே வயரில் போகத் தொடங்கின. 2006இல் டிஸ்பிளேபோர்ட் வந்தது. 2010 டிசம்பரில் இன்ரெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள், 2015உடன் வி.ஜி.ஏ.க்கு விடை கொடுப்பதாக அறிவித்தன. 2014இல் யூ.எஸ்.பி.-சி பிறந்தது. மின்சாரம், தரவு, படம் எல்லாவற்றுக்கும் ஒரே சிறு துளை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் கணக்காளன் என்ற முறையில் நான் பார்ப்பது தேய்மானத்தை. மடிக்கணினியை நாலைந்து வருடத்தில் மாற்றுகிறோம். மண்டபத்துப் புரொஜெக்டரைப் பத்து வருடம் வைத்திருக்கிறார்கள். கசெற்றோ முப்பது, நாற்பது வருடமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத சொத்து. தேய்வது மட்டும் நிற்கவில்லை.

கசெற்றுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1979இல் தொலைக்காட்சி தொடங்கிய இலங்கையில் பின்பற்றப்பட்டது பால் முறை. ஒரு படத்துக்கு 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். கனடாவும் அமெரிக்காவும் பின்பற்றியது என்.ரி.எஸ்.சி. முறை. 525 கோடுகள், ஏறத்தாழ 30 படங்கள். இரண்டு இடங்களிலும் மின்சாரத்தின் அதிர்வெண் வேறாக இருந்ததிலிருந்து வந்த வேறுபாடு இது. பிரித்தானியா, ஜேர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் பால். பிரான்ஸ் வேறொரு முறை. ஊரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ தபாலில் வந்த கலியாணக் கசெற், ரொறன்ரோவில் போட்டால் உருண்டு உருண்டு ஓடியதை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கடையில் காசு கொடுத்து மாற்றிப் பார்த்தோம். மாற்றிய பிரதியில் முகங்கள் சற்று மங்கிப் போயின.

அந்தப் பேரனிடம் இருந்ததும் அப்படி மாற்றிய பிரதியிலிருந்து எடுத்ததுதான். மூலக் கசெற் இலண்டனில் மாமி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அதை எடுத்து முதலில் பதிவு செய்யுங்கள் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மூலக் கசெற் இருந்தால் பிரதியைத் தொடாதீர்கள். இரண்டு முறையும் ஓட்டக்கூடிய வி.சி.ஆர். ஒன்றைத் தேடுங்கள். தேடுவது இனிக் கடினமாகும், ஏனெனில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. வி.சி.ஆரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை ஒரு சிறிய பதிவுக் கருவியின் ஊடாக மடிக்கணினியின் யூ.எஸ்.பி. துளையில் கொடுக்கலாம். மென்பொருளில் பால் என்று தெரிவு செய்ய மறக்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தைப் பதிந்து, படமும் குரலும் சரியா என்று பார்த்த பின்பே மிகுதியைத் தொடருங்கள். முடிந்ததும் இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்து இழந்தவர்கள் நாங்கள்.

மண்டபத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் இணைப்பி ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லு அதற்குள் இருக்கிறது. மறுதிசைக்கு வேறு இணைப்பி வாங்க வேண்டும். ஒலியைத் தனி வயரில் மண்டபத்து ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரன் வீட்டு ரிவியில் எச்.டி.எம்.ஐ. வயரைப் பொருத்தி எல்லோரையும் கூப்பிட்டார். நானும் போனேன். படம் மங்கல்தான். ஆனால் படலையடியில் நின்று அம்மம்மா, "வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்றது தெளிவாகக் கேட்டது. மகள் அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருப்பதை இந்த மாதமே ஒருமுறை திறந்து பாருங்கள். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.